செப்டிக் டேங்க் குழியை ஆடியில் தோண்டாதீர்கள்

மன்னார்குடிக்குத் தெற்கே, வாய்க்கால் கரையை ஒட்டிய வீடு எங்களுடையது. அப்பா காலத்தில் உறை இறக்கிய இரண்டு குழிகள்தான் கழிப்பறைக்கு. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கோப்பையில் ஊற்றும் தண்ணீர் இறங்காது. அம்மாவுக்கு 70 வயது. அடிக்கடி கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று அவர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டதாக மனைவி சொன்ன அன்றுதான், புதிதாக செப்டிக் டேங்க் கட்டிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

கையில் பணம் சேர்ந்தது ஆடியில். "பத்தே நாள்ல முடிச்சிடலாம் தம்பி" என்றார் கொத்தனார். ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறந்தால் ஆடியில் நம் பக்கம் வாய்க்கால் நிறைந்து ஓடும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தும் அவசரப்பட்டோம். 5 அடி போனதும் ஊற்று. இன்ஜின் வைத்து இரண்டு நாள் இறைத்தோம், இறைக்க இறைக்க ஊறியது. மூன்றாம் நாள் விடியற்காலையில் ஒரு பக்கக் கரை சரிந்து பாதிக் குழி மூடிக்கொண்டது. வேலை நேரமாக இருந்தால் உள்ளே இரண்டு பேர் நின்றிருப்பார்கள். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு நடுங்குகிறது.

வேலையை நிறுத்தி, மண்ணைத் தள்ளி மூடினோம். அம்மா இன்னொரு மழைக்காலத்தையும் அப்படியே கழித்தார். செலவழிந்த பணத்தைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை.

அந்தக் கார்த்திகையில் வேறு வழியில்லாமல் கழிவு உறிஞ்சும் லாரியைக் கூப்பிட்டேன். ஒரு லோடு எடுத்தார்கள், மறுநாள் காலையில் குழி பழையபடி நிறைந்திருந்தது. உறைக்குழிக்கு அடியில் தளம் கிடையாது, மழைக்காலத்தில் நிலத்தடி நீர் நேராக உள்ளே ஏறிவிடும். நான் காசு கொடுத்து எடுத்ததில் பெரும்பகுதி ஊற்றுத் தண்ணீர். லாரிக்காரர் இதை முன்பே சொல்லியிருக்கலாம்.

சித்திரையில் பழைய குழிகளைக் காலி செய்து மூட வேறொரு லாரி வந்தது. அடியில் இறுகிய கசடு குழாயில் ஏறவில்லை. உடனே உதவிக்கு வந்த பையன் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கப் போனான். கையைப் பிடித்து நிறுத்தினேன். "ஆள் இறங்காம சுத்தமாகாது சார்" என்று டிரைவர் ஒரு மணி நேரம் வாதாடினார். பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவது, மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி குற்றம், இறக்கச் சொல்லும் வீட்டுக்காரரும் தப்ப முடியாது. சட்டம் கிடக்கட்டும், உள்ளே விஷவாயு இருந்தால் ஒரே மூச்சில் ஆள் மயங்கி விழுவான், தூக்கப் போகிறவனும் சேர்ந்து விழுவான். தண்ணீரைப் பீய்ச்சிக் கசடைக் கரைத்து மறுபடி உறிஞ்சினார்கள், வந்துவிட்டது. லாரியைப் பேசும்போதே உரிமம் இருக்கிறதா, எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்கள் என்று கேட்டுவிடுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் உங்கள் ஊர் வாய்க்காலில்தான் கொட்டுவார்கள்.

அந்தக் கோடையில் புது டேங்க் தோண்டியதில் ஊற்றுச் சிக்கலே இல்லை. உள்ளளவு 8 அடி நீளம், 4 அடி அகலம், 5 அடி ஆழம், இரண்டு அறை, முதல் அறை மூன்றில் இரண்டு பங்கு. ஆனால் சிலாப் போடும் முன் தண்ணீர் நிரப்பிப் பார்த்தது நல்லதாகப் போயிற்று. வெளியேறும் குழாயை உள்ளே வரும் குழாயின் மட்டத்திலேயே வைத்திருந்தார் கொத்தனார். வெளியேறுவது 2 அங்குலமாவது தாழ இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கழிவு கோப்பைப் பக்கமே எதிர்த்து நிற்கும். ரசமட்டம் வைத்துக் காட்டிய பிறகு உடைத்து மாற்றினார். சிலாப் மூடியபின் இது தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்!

அடுத்தது சோக் பிட், அதாவது டேங்கிலிருந்து வெளியேறும் தண்ணீர் மண்ணில் இறங்குவதற்கான குழி. கொத்தனார் காட்டிய இடம் சித்தப்பா வீட்டு அடிபம்பிலிருந்து 30 அடிகூட இல்லை. குடிநீர் எடுக்கும் இடத்துக்கும் சோக் பிட்டுக்கும் 18 மீட்டராவது, அதாவது 60 அடி, இடைவெளி வேண்டும். குழாய்ச் செலவு கூடினாலும் கொல்லையின் கிழக்கு மூலைக்குக் கொண்டுபோனேன். அங்கேயும் ஆழக் குழி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நம் களிமண்ணில் மழைக்காலத்தில் ஆழக் குழி என்றால் பழைய உறைக்குழி கதைதான். ஜல்லி நிரப்பிய சின்ன அறை ஒன்று, அதைத் தாண்டி மணல் கொட்டி மேடாக்கிய பாத்தியில் கல்வாழை. வீட்டின் அடித்தளம் மூன்றரை அடி உயரம் என்பதால் டேங்கையும் தரைக்கு மேல் தூக்கிக் கட்டி, இதற்கெல்லாம் வாட்டம் எடுக்க முடிந்தது. தரை மட்டத்தில் கழிப்பறை உள்ளவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

இன்னொன்று. கட்டி முடித்த டேங்கைக் காலியாக விட்டுவைக்காதீர்கள். நிலத்தடி நீர் ஏறும்போது காலி டேங்கை அடியிலிருந்து மேலே தள்ளும். செங்கல் கட்டு விரிசல் விடும், ரெடிமேட் பிளாஸ்டிக் டேங்க் என்றால் மிதந்தே வந்துவிடும். நான் அன்றே வெளியேறும் குழாய் மட்டம்வரை தண்ணீர் நிரப்பினேன்.

இந்தக் கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை, வாய்க்கால் கரை தட்டி ஓடியது. நாலாம் நாள் காலையில் அம்மா வந்து, "தண்ணி இறங்குதுடா" என்றார். அப்புறம் ஒரு சொம்பு தண்ணீர் கேட்டு வாங்கி முழுதாகக் குடித்தார்.

டேங்க் மூடி சமையலறைச் சுவரிலிருந்து எத்தனை அடி என்று மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். பக்கத்திலேயே, மூன்று வருடம் கழித்து வரும் சித்திரையில் லாரியைக் கூப்பிட வேண்டும் என்றும்.