காஷ்கரில் மணி என்ன?

சீனாவின் மேற்குக் கோடியில், சிஞ்சியாங் பகுதியில் இருக்கும் காஷ்கரில் முதலில் குழப்புவது கடிகாரம்தான். தீர்க்கரேகைப்படி இந்த ஊர் ஏறக்குறைய கோயம்புத்தூருக்கு நேர் வடக்கே இருக்கிறது. ஆனால் சீனா முழுக்க பெய்ஜிங் நேரம் ஒன்றுதான் என்பதால், நம் நேரத்துக்கு இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. உச்சி வெயில் ஏறும்போது மணி மூன்று! இங்கு வாழும், துருக்கிய மொழி பேசும் முஸ்லிம்களான உய்குர்கள் இரண்டு மணி பின்னால் உள்ள உள்ளூர் நேரத்தைத் தங்களுக்குள் வைத்துக்கொள்வது வழக்கம். ரயிலும் அரசு அலுவலகமும் பெய்ஜிங் நேரத்தில்.

கால்நடைச் சந்தையை மட்டும் தவறவிடாதீர்கள். நம்ம ஊர் மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்துப் பேரம் நடக்கும். இங்கே எல்லாம் வெட்டவெளிச்சம். வாங்குபவர் கையையும் விற்பவர் கையையும் தரகர் இழுத்துப் பிடித்து, விலை படியும் வரை உலுக்கு உலுக்கென்று உலுக்குகிறார். ஒருவர் உதறிவிட்டுப் போனால் விரட்டிப் பிடித்து மறுபடி உலுக்கல். பக்கத்திலேயே தந்தூர் அடுப்பில் ஆட்டிறைச்சி சம்சா. சுடச்சுடச் சாப்பிட வேண்டும், ஆறினால் கொழுப்பு உறைந்துவிடும்.

பழைய நகரம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நிலநடுக்கப் பாதுகாப்பு என்று சொல்லி 2009-இல் மண் வீடுகளை இடிக்கத் தொடங்கினார்கள். இன்று பார்ப்பதில் பெரும்பகுதி புதிதாகக் கட்டியது. சீனாவின் மற்ற பகுதிகளிலிருந்து வரும் பெண்கள் உய்குர் உடையை வாடகைக்கு எடுத்துப் போட்டுக்கொண்டு, சந்துக்குச் சந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். 1442-இல் எழுந்த ஈத்கா மசூதிக்கு நம்மைப் போன்றவர்கள் டிக்கெட் வாங்க வேண்டும்.

11-ஆம் நூற்றாண்டில் அரபு வாசகர்களுக்காகத் துருக்கிய மொழிகளின் அகராதி தொகுத்த மஹ்மூத் அல்-காஷ்காரியின் கல்லறை, ஊருக்குத் தென்மேற்கே ஓபாலில் இருக்கிறது. அப்போது இது கராகானியர் என்ற துருக்கிய முஸ்லிம் அரச வம்சத்தின் நாடு. பிற்பாடு, 1759-இல் சீனாவை ஆண்ட சிங் பேரரசு பிடித்தது. 1933-இல் இதே காஷ்கரில் கிழக்கு துருக்கிஸ்தான் குடியரசு ஒன்றை அறிவித்தார்கள், சில மாதங்களில் முடிந்துபோனது. 1949-இல் கம்யூனிஸ்ட் ராணுவம் வந்தது, 1955-இல் சிஞ்சியாங்குக்கு 'தன்னாட்சிப் பகுதி' என்ற பெயர் வந்தது. 1953 கணக்கெடுப்பில் சிஞ்சியாங் மக்களில் நான்கில் மூன்று பங்கு உய்குர்கள். 2020-இல் பாதிகூட இல்லை.

இப்படிப்பட்ட கல்லறைகளையும் தர்காக்களையும் ஆய்வு செய்த உய்குர் மானுடவியலாளர் ராஹிலே தாவுத் 2017 டிசம்பரில் காணாமல் போனார். ஆயுள் தண்டனை என்ற செய்தி 2023-இல்தான் உறுதியானது. உய்குர் பொருளாதாரப் பேராசிரியர் இல்ஹாம் தோஹ்தி 2014 முதலே ஆயுள் கைதி. 2017-லிருந்து விசாரணையே இல்லாமல் சிஞ்சியாங் முகாம்களில் அடைக்கப்பட்ட உய்குர்களும் மற்ற முஸ்லிம்களும் பத்து லட்சம் வரை இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. அவை தொழிற்பயிற்சி மையங்கள், எல்லோரும் 2019-இல் படிப்பை முடித்துவிட்டார்கள் என்கிறது பெய்ஜிங். இந்த அடைப்புகள் மனித குலத்துக்கு எதிரான குற்றங்களாக இருக்கக்கூடும் என்றது 2022 ஆகஸ்டில் வந்த ஐ.நா. மனித உரிமை அலுவலக அறிக்கை. அறிக்கையில் உள்ள சாட்சியங்களைப் படித்த பிறகு, பயிற்சி மையம் என்ற பேச்சை என்னால் நம்ப முடியவில்லை.

காஷ்கரில் யாரிடமும் இதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. நான் விமானம் ஏறிவிடுவேன், பதில் சொன்னவர் அங்கேயே இருக்க வேண்டும். நீங்களும் கேட்காதீர்கள். கேட்கத்தான் வேண்டுமென்றால் துருக்கியில், உய்குர்கள் பலர் குடியேறியிருக்கும் இஸ்தான்புலின் ஜெய்தின்புர்னு பக்கம் போங்கள். உய்குர் கடைகளில் கையால் இழுத்த லக்மான் நூடுல்ஸ் அங்கேயும் கிடைக்கும். ஊரில் இருக்கும் அம்மாவிடமோ தம்பியிடமோ பேசி எத்தனை வருடமாயிற்று என்பதை அங்குள்ளவர்களே சொல்வார்கள்.