தாளிப்பு மணம் ஆகாத நாள்கள்

27 மார்ச் 2025, வியாழன்

கடுகு, உளுந்தம்பருப்பு, கறிவேப்பிலை, பெருங்காயம் ஆகிய நான்கும் கொஞ்ச நாளைக்கு இந்த வீட்டு எண்ணெயில் விழ வேண்டாம் என்று கோமதியிடம் கேட்டுக்கொண்டேன். புற்றுநோய்க்குக் கீமோ மருந்து ஏறும் அக்காவுக்குச் சோற்றின் மேல் வெறுப்பில்லை. சூட்டோடு எழும் மணம்தான் அவளைப் புரட்டுகிறது. குமட்டல் உள்ளவர்களுக்கு ஆறிய, மணம் குறைந்த உணவைக் கொடுத்துப் பாருங்கள் என்று உணவியல் நிபுணரும் சொல்லி அனுப்பியிருக்கிறார். சிவசைலத்து நல்வாழ்வு ஆசிரமத்தின் இயற்கை உணவு முகாமுக்குப் போய்வந்த காலத்திலிருந்து இரவு உணவை அடுப்பில்லாமலே முடித்துக்கொள்ளும் என்னைக் கேலி செய்த வீடு, இப்போது என் தட்டை எட்டிப் பார்க்கிறது.

“ஏலே, நீ திங்கிற புல்லையும் பூண்டையும் எனக்குக் கொண்டாந்துராத” என்றாள் அக்கா.

அதிகம் முற்றாத தேங்காய் ஒன்றைத் துருவி, கொதித்து ஆறிய நீர் ஒரு டம்ளர் விட்டு அரைத்து, முதல் பாலை மட்டும் பிழிந்து, கொட்டை நீக்கிய பேரீச்சை நான்கும் கனிந்த வாழைப்பழம் ஒன்றும் சேர்த்து மீண்டும் அரைத்தேன். அரை டம்ளர் குடித்தாள்.

28 மார்ச், வெள்ளி

இன்றும் அரை டம்ளர். குடித்தது வாந்தியாக வெளியே வரவில்லை.

29 மார்ச், சனி

உணவியல் நிபுணர் கொடுத்த தாளை மூன்றாவது முறையாகப் படிக்கிறேன். வெள்ளையணு குறையும் நாள்களில் பச்சையாக எதையுமே தொடக் கூடாது என்ற பழைய கண்டிப்பு இப்போது பல இடங்களில் தளர்ந்திருக்கிறது. இவர்களும் தோல் உரிக்கக்கூடிய பழங்களை வீட்டிலேயே கழுவி, உரித்து, உடனே தரலாம் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். வாழை, மாதுளை, சப்போட்டா, பப்பாளி ஆகியவை இருக்கின்றன. திராட்சை இல்லை. கொத்தமல்லி, புதினா போன்ற கீரைவகைகளைப் பச்சையாகத் தரக் கூடாது. கடையில் நறுக்கி வைத்த பழமும் தெருவில் பிழிந்த சாறும் அறவே கூடாது. கூடாதவை பட்டியலின் கடைசியில், தடித்த எழுத்தில், முளைகட்டிய பயறு இருக்கிறது.

அதை மட்டும் ஏன் தடித்த எழுத்தில் போட்டார்கள் என்று யோசித்துக்கொண்டே எனக்கான பாசிப்பயற்றை ஊறவைத்தேன்.

கழுவும் வேலைக்கே காலைப் பொழுது போய்விடுகிறது. உரிக்கப்போகும் பழம்தானே என்று தோலைக் கழுவாமல் விட்டால், கத்தி தோலில் இருப்பதை உள்ளே இழுத்துக்கொண்டு போகும். மஞ்சளும் உப்பும் கரைத்த நீரில் போட்டு வைத்தால் போதும் என்ற நம்பிக்கையைவிட, குழாயடியில் கையால் தேய்த்துக் கழுவுவது மேல். பழத்துக்கென்று தனிப் பலகையும் தனிக் கத்தியும் எடுத்து வைத்துவிட்டேன்.

31 மார்ச், திங்கள்

சிவப்பு அவலைக் கழுவி, ஆறவைத்த நீரில் ஊறவைத்து, கருப்பட்டித் தூளும் தேங்காய்ப் பூவும் ஏலக்காயும் சேர்த்துப் பிசைந்து கொடுத்தேன். இதுவரை அவள் சாப்பிட்டதில் இதுதான் அதிகம்.

இதில் எது சமைக்காதது என்று கோமதி கேட்டாள். நியாயமான கேள்விதான். நெல்லை ஊறவைத்து வறுத்து இடித்தால்தான் அவல் வரும். பதநீரைக் கொப்பரையில் மணிக்கணக்கில் காய்ச்சினால்தான் கருப்பட்டி வரும். பச்சை முந்திரி என்று விற்பதுகூட, ஓட்டுக்குள் இருக்கும், தோலைப் புண்ணாக்கிவிடும் எண்ணெயிலிருந்து பருப்பைப் பிரிப்பதற்காக முதலில் வறுத்தோ ஆவியில் வேகவைத்தோ எடுத்ததுதான். என் தட்டுக்கு வரும் முன்பே யாரோ ஒருவர் எங்கோ அடுப்பு மூட்டியிருக்கிறார். எனக்கு அதில் வருத்தமில்லை. எங்கள் சமையலறையில் புகையும் தாளிப்பும் எழாமல் இருந்தால் போதும்.

2 ஏப்ரல், புதன்

தடித்த எழுத்துக்கான காரணம் கிடைத்துவிட்டது. கிடைத்ததிலிருந்து மனம் வேறு எதிலும் நிற்கவில்லை.

2011 மே மாதம் ஜெர்மனியின் வடபகுதியில் திடீரென்று இரத்த வயிற்றுப்போக்கும் சிறுநீரகச் செயலிழப்பும் பரவின. முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காயைக் குற்றம் சொன்னார்கள். தேடித் தேடிப் போனபோது முளைகட்டிய தானியங்களில் வந்து நின்றது. எகிப்திலிருந்து இறக்குமதியான வெந்தய விதைதான் காரணமாக இருக்க வேண்டும் என்று முடிவானது. ஏறத்தாழ 4000 பேர் நோயுற்றார்கள், 50 பேருக்கு மேல் இறந்தார்கள். நோயுற்றவர்களில் பெரும்பாலோர் நல்ல உடல்நிலையில் இருந்த வளர்ந்தவர்கள், உடம்புக்கு நல்லது என்று நம்பிச் சாலட் சாப்பிட்டவர்கள்.

வெந்தய முளையை நான் வாரம் இரண்டு முறையாவது சாப்பிடுகிறேன். எட்டு மணி நேரம் ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டு, பாளையங்கோட்டை வெயிலில் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் வால் விடும் அழகைப் பார்த்து மகிழ்ந்திருக்கிறேன். அந்த வெதுவெதுப்பும் ஈரமும் விதைக்கு எவ்வளவு உகந்தவையோ அவ்வளவு கிருமிக்கும் உகந்தவை. விதைத் தோலின் விரிசலுக்குள் ஒன்றிரண்டு இருந்தால், முளை எட்டிப் பார்ப்பதற்குள் அவை கோடிக்கணக்கில் பெருகிவிடும். வெளியே எத்தனை முறை அலசினாலும் உள்ளே இருப்பது போகாது. பயறு கெட்டுப்போன வாடை எதுவும் வராமலே இப்படி நடக்கலாம் என்பதுதான் என்னை உறங்கவிடவில்லை, ஏனென்றால் இத்தனை ஆண்டுகளும் முகர்ந்து பார்ப்பதையே நான் சோதனையாக வைத்திருந்தேன்.

எனக்கு அதை விடும் எண்ணம் இல்லை. அக்காவின் தட்டில் அது பச்சையாக ஏறாது, அவ்வளவுதான். முளைகட்டியதை இட்லிப் பானையில் பத்து நிமிடம் ஆவி காட்டி, ஆறவிட்டு, உடனே கொடுத்தால் தடையில்லை. முளைக்கும்போது உண்டான வைட்டமின் சியில் ஒரு பங்கு ஆவியில் போகும், போகட்டும்.

3 ஏப்ரல், வியாழன்

சித்தப்பா மகன் தொலைபேசியில் முக்கால் மணி நேரம் பேசினான். மருந்தை நிறுத்திவிட்டு அறுகம்புல் சாறும் கோதுமைப்புல் சாறும் கொடுத்தால் போதுமாம்; அடுப்பே ஏற்றாத நான் இதற்கு ஒப்புக்கொள்வேன் என்று எதிர்பார்த்திருக்கிறான். எவ்வளவு காலமாகப் பச்சையாகச் சாப்பிடுகிறேனோ அவ்வளவு உறுதியாகச் சொன்னேன்: அவளுடைய மருந்து வேறு, என் தட்டு வேறு, ஒன்றை நிறுத்தி இன்னொன்றை வைக்கிற பேச்சு இந்த வீட்டுக்குள் வர வேண்டாம். மருத்துவர் அனுமதிக்காத எந்தச் சாற்றையும் தர மாட்டேன்.

பிறகு அவன் ஒரு செய்முறையை அனுப்பினான். அதில் சிவப்பு ராஜ்மாவை முளைகட்டிப் பச்சையாகச் சாப்பிடச் சொல்லியிருந்தார்கள். வேகவைக்காத ராஜ்மாவில் இருக்கும் லெக்டின் நல்ல வயிற்றையே சில மணி நேரத்தில் வாந்தியெடுக்க வைக்கும். கொதிக்க வைத்தால்தான் அது அழியும். இதை எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை.

4 ஏப்ரல், வெள்ளி

வாயில் புண். எலுமிச்சை, மாங்காய், மாதுளை, இஞ்சி எல்லாம் நின்றுவிட்டன.

5 ஏப்ரல், சனி

நுங்கு வந்துவிட்டது. வெட்டி எடுத்துப் பனையோலையில் வைத்துத் தருவதை வாங்காமல் முழுக் காய்களாகவே வாங்கி வந்து, கழுவி, என் அரிவாளால் வீட்டு முற்றத்தில் வெட்டினேன். நாராலும் கடினமான ஓட்டாலும் இயற்கையே மூடி முத்திரையிட்டு வைத்திருக்கும் இதைவிடப் பாதுகாப்பான பச்சை உணவு இந்தப் பங்குனி வெயிலில் கிடைக்குமா என்று தெரியவில்லை. துவர்க்கும் மேல்தோலைச் சுத்தமாக உரித்துவிட வேண்டும். அது புண்ணில் பட்டால் எரியும். உரித்த நுங்கை மசித்து, இளநீர் வழுக்கையோடு கலந்து, குளிர்பெட்டியில் சிறிது நேரம் வைத்துக் கரண்டியால் ஊட்டினேன். கிண்ணம் காலியாயிற்று. இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள்.

இந்த மாதம் முழுவதும் அவள் எதையும் இரண்டாவது முறை கேட்டதில்லை.

6 ஏப்ரல், ஞாயிறு. ஸ்ரீராம நவமி

ஆண்டுதோறும் இந்த வீட்டில் எல்லோரும் முணுமுணுக்காமல் பச்சையாகச் சாப்பிடும் நாள் இன்றுதான். பானகத்தையும் வடைப்பருப்பையும் இயற்கை உணவு என்று யாரும் கேலி செய்வதில்லை. பாசிப்பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்து, நீரை ஒட்ட வடித்து, துருவிய மாங்காய், வெள்ளரிக்காய், தேங்காய், பொடியாக நறுக்கிய பச்சைமிளகாய், உப்பு சேர்த்துப் பிசறினால் முடிந்தது. கடைசி நேரத்தில்தான் உப்புப் போட வேண்டும், இல்லையென்றால் வெள்ளரி நீர் விட்டுச் சொதசொதவென்று ஆகிவிடும். கோமதியின் பழக்கம் இதன் மேலும் கடுகு தாளித்துக் கொட்டுவது. இன்று கொட்டவில்லை.

அக்காவுக்கு மட்டும் அதே பருப்பை மலர வேகவைத்து, ஆறவிட்டு, தேங்காய்ப் பூ தூவிக் கொடுத்தோம். மாங்காய் இல்லாத வடைப்பருப்பு ஒரு வடைப்பருப்பா என்று கேட்டுவிட்டு நான்கு கரண்டி சாப்பிட்டாள்.

8 ஏப்ரல், செவ்வாய்

நியூட்ரோபில் என்னும் வெள்ளையணுவின் எண்ணிக்கை 900. அடுத்த முறை மருந்து ஏற்ற 1500 வேண்டும் என்கிறார்கள்.

எடையும் குறைந்திருக்கிறது. புரதம் போதவில்லை என்று உணவியல் நிபுணர் சொன்னதை மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை: நூறு கிராம் வாழைப்பழத்தில் புரதம் ஒரு கிராம்தான், நூறு கிராம் தேங்காயில் மூன்று கிராமுக்குச் சற்று மேல், எரிசக்திக்குத் தேங்காய் போதும், தசைக்குப் போதாது. நிலக்கடலையில் 25 கிராம் இருக்கிறது, ஆனால் பச்சைக் கடலையில் பூஞ்சை பிடித்த ஒன்று கலந்தாலும் அதன் நஞ்சு உள்ளே போகும் என்பதால் பொறுக்கிப் பொறுக்கிக் கண் வலிக்கிறது. பாதாம் நல்லது, கோமதி அதைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்துத் தோலைப் பிதுக்கிவிடுகிறாள். ஊறவைத்து நகத்தால் உரிப்பதைவிட இதுவே இப்போது நல்லது, மேற்பரப்பில் இருக்கும் கிருமியும் பெரும்பாலும் செத்துவிடும்.

மதியம் அவித்த முட்டையும் குழைந்த பருப்பும் கோமதி ஊட்டினாள். கேரட்டையும் அவித்து மசித்திருந்தாள். சமைத்தால் சத்தெல்லாம் செத்துப்போகும் என்று முகாம்களில் முழங்குகிறவர்கள், கேரட்டின் பீட்டா கரோட்டின் வேகவைத்தால்தான் உடம்பில் அதிகம் சேர்கிறது என்பதை ஏனோ சொல்வதில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து பேரீச்சையில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன்.

9 ஏப்ரல், புதன்

ஒரு கிண்ணம் அவலைச் சாப்பிட அவளுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. காந்தி 1893 ஆகஸ்டில் பிரிட்டோரியாவில் சமைக்காத உணவைச் சோதித்துப் பார்த்தபோது நாள்தோறும் குறிப்பெழுதி வைத்தார். ஊறவைத்த கோதுமை இரண்டு மேசைக்கரண்டி, பட்டாணி ஒன்று, அரிசி ஒன்று, உலர்திராட்சை இரண்டு, சிறு கொட்டைகள் இருபது, ஆரஞ்சு இரண்டு; இவற்றோடு ஒரு கோப்பை கோகோவும் எப்படியோ நுழைந்திருக்கிறது. இந்தக் காலை உணவை மென்று முடிக்க அவருக்கு 45 நிமிடங்கள் ஆயின. அப்போது அவருக்கு வயது 23, பல்லும் இருந்தது, வாயில் புண்ணும் இல்லை. அப்படியும் சோதனை இரண்டு வாரங்களைத் தாண்டவில்லை.

எல்லாவற்றையும் அரைத்தே கொடுப்பது என்று முடிவு செய்தேன். வெள்ளை எள்ளைக் கழுவி, குளிர்பெட்டிக்குள்ளேயே ஊறவைத்து, கருப்பட்டியோடு அரைத்து மெல்லிய துணியில் வடிகட்டிய எள்ளுப்பால் இன்று எடுபட்டது. கசப்பு தெரியாமலிருக்க அரைவை நேரத்தைக் குறைக்க வேண்டும், கலவைக்கருவி சூடேறினால் கசந்துவிடுகிறது.

11 ஏப்ரல், வெள்ளி. பங்குனி உத்திரம்

சாஸ்தா கோயிலுக்கு இந்த ஆண்டு போகவில்லை. அங்கே அண்டாவில் கலக்கும் பானகம் வேண்டும் என்று அக்கா சிறுபிள்ளையைப் போல் கேட்டாள். கொதித்து ஆறிய நீரில் கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டி, ஏலக்காயும் சிட்டிகை சுக்கும் மட்டும் சேர்த்துக் கொடுத்தேன். எலுமிச்சை இல்லாததைக் கண்டுபிடித்துவிட்டாள்.

முளைகட்டும் துணியைத் துவைத்து வெயிலில் காயப் போட்டேன். எனக்குக்கூட இன்று பயறு ஊறவைக்கவில்லை.

12 ஏப்ரல், சனி

38 டிகிரி வெயில். நறுக்கிய பப்பாளி ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்ததென்று தூக்கிப் போட்டேன். கோமதி எதுவும் சொல்லவில்லை, தட்டைப் பார்த்தாள்.

13 ஏப்ரல், ஞாயிறு

வாய்ப்புண் ஆறிவருகிறது. மெல்ல முடிகிறது என்பதால் உருண்டை பிடித்தேன். தோல் நீக்கிய பாதாமை நன்றாகக் காயவைத்துக் கொரகொரப்பாகப் பொடித்து, பேரீச்சையை அதன் மேல் போட்டு ஒரே சுற்று சுற்றினால் தானாகத் திரண்டு வரும்; நெய்யும் வேண்டாம், பாகும் வேண்டாம். கோலிக்குண்டு அளவில் உருட்டித் தேங்காய்த் துருவலில் புரட்டினேன். துருவல் ஈரமானது, அதனால் இது கடை உருண்டை போல நாள்கணக்கில் இருக்காது. குளிர்பெட்டியில் வைத்து மறுநாளே தீர்த்துவிட வேண்டும். பெரியதாகப் பிடித்தால் பார்த்ததுமே மலைப்பு வந்துவிடுகிறது அவளுக்கு. சின்னதாக இருந்தால் போகிற போக்கில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறாள். இன்று ஐந்து எடுத்தாள். கோமதியும் இரண்டு எடுத்ததை நான் கவனிக்காததைப் போல இருந்துகொண்டேன்.

14 ஏப்ரல், திங்கள். சித்திரை முதல் நாள்

மாங்காய்ப் பச்சடியைக் கோமதி அடுப்பில்தான் வைத்தாள், வெல்லமும் வேப்பம்பூவும் சேர்த்து, தாளிப்பில்லாமல். புளிப்பு கொஞ்சம் தாங்குகிறது. நாளை காலை இரத்தப் பரிசோதனை.

15 ஏப்ரல், செவ்வாய்

முடிவு மாலை ஐந்து மணிக்கு மேல்தான் வரும் என்கிறார்கள். எண்ணிக்கை ஏறியிருந்தால் நாளை காலை ஏழு மணிக்கே மருந்து ஏற்ற மருத்துவமனையில் இருக்க வேண்டும், மாலைவரை ஆகும். அந்த வார்டில் மதியம் எல்லோருடைய சாப்பாட்டுப் பாத்திரமும் ஒரே நேரத்தில் திறக்கும் என்பதால் மணமில்லாத ஏதாவது கையில் இருந்தாக வேண்டும். தேங்காய்ப்பால் வெயிலில் தாங்காது. நுங்கை வெட்டாமல் கொண்டுபோனால் அங்கே அரிவாளுக்கு எங்கே போவது? உரிக்காத வாழைப்பழமும், பனிக்கட்டி வைத்த டப்பாவில் உருண்டையும் சரிவரும் என்று நினைக்கிறேன். பாதாம் ஒரு கைப்பிடிதான் மீதி இருக்கிறது, கடைக்குப் போய்விட்டு வந்து மீதியை எழுதுகிறேன்.