மாத்திரை இலவசம்தான், மறைக்கத்தான் காசு

நாமக்கல் பக்கம் ஒரு அரசு மருத்துவமனையின் ஏஆர்டி மையத்தில், அதாவது எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களுக்கு மருந்து கொடுக்கிற இடத்தில், ஆலோசகராக வேலை பார்க்கிறேன். புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது உயிரைப் பற்றி. அந்தப் பயம் கொஞ்சம் தெளிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பது பணத்தைப் பற்றி. "இதுக்கு மாசம் எவ்வளவுங்க ஆகும்?" ஒன்றும் ஆகாது என்றால் நம்புவதில்லை. வாழ்நாள் முழுக்க சாப்பிட வேண்டிய மருந்து எப்படி ஓசியில் கிடைக்கும் என்று முகத்திலேயே கேள்வி நிற்கும்.

அவர்கள் சந்தேகப்படுவதில் தப்பில்லை. இந்த மருந்து ஏழைகளுக்கு எட்டாத ஒன்றாகத்தான் ரொம்ப காலம் இருந்தது. மேலை நாடுகளில் ஒருவருக்கு வருடத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆன கூட்டு மருந்தை, வருடத்துக்கு 350 டாலருக்குத் தருகிறோம் என்று மும்பையின் சிப்லா நிறுவனம் 2001-ல் சொன்ன பிறகுதான் வழி திறந்தது. 2004 ஏப்ரல் 1 அன்று மத்திய அரசு இலவச ஏஆர்டியைத் தொடங்கியபோது, முதலில் கொடுத்த சில மருத்துவமனைகளில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. 2017-லிருந்து சிடி4 என்கிற நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும், தொற்று உறுதியான எல்லோருக்கும் மருந்து. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, ஒரு நாளைக்கு ஒன்று. சிடி4, வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) பரிசோதனைகளுக்கும் காசு கிடையாது.

அப்படியென்றால் இந்தக் குடும்பங்களுக்குக் கடன் எங்கிருந்து வருகிறது?

பாதிக்கடன் எங்களிடம் வருவதற்கு முன்பே ஏறிவிடுகிறது. விட்டு விட்டுக் காய்ச்சல், நிற்காத வயிற்றுப்போக்கு, எடை குறைவு. ஒரு தனியார் மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு. டிரிப்ஸ், ஸ்கேன், எண்டோஸ்கோப்பி. தோடு போகும், செயின் போகும், அப்புறம் வார வட்டிக்கு வாங்குவார்கள். எல்லாம் முடிந்த பிறகு யாரோ ஒரு டாக்டர் எச்.ஐ.வி. பார்க்கச் சொல்வார். நம்பிக்கை மையம் என்கிற அரசு எச்.ஐ.வி. பரிசோதனை மையத்தில் காசில்லாமல் எடுக்கிற பரிசோதனை அது. முதலிலேயே எடுத்திருந்தால் அந்தத் தோடு காதில் இருந்திருக்கும். இதை நினைத்து இன்றும் எனக்கு ஆறுவதில்லை.

மீதிச் செலவு மறைப்பதற்காக ஆகிற செலவு. அதை எந்தக் கணக்கிலும் யாரும் எழுதுவதில்லை.

லாரி ஓட்டுகிற ஒருவர். வடக்கே லோடு ஏற்றிப் போகிறவர். பல வருடமாகத் தனியாரில் காசு கொடுத்து மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தார். வீட்டு வாடகைக்கு நிகரான தொகை. காரணம் கேட்டேன். "உங்க வரிசையில நின்னா எங்க ஆபீஸ்காரங்க யாராச்சும் பார்த்துருவாங்க மேடம்." சரி, வண்டி ஓடாத மாதம் என்ன செய்வீர்கள் என்றேன். "அந்த மாசம் விட்டுருவேனுங்க." எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. விட்டு விட்டுச் சாப்பிட்டால் வைரஸ் மருந்துக்குப் பழகிவிடும். அப்புறம் இரண்டாம் கட்ட மருந்துக்குத்தான் போக வேண்டியிருக்கும். அவரை எங்கள் மையத்துக்கு மாற்றிக்கொண்டோம். கூட்டம் சேர்வதற்கு முன்னால் காலையிலேயே வந்துவிடச் சொன்னோம். வைரல் லோடு கட்டுக்குள் வந்ததும் மூன்று மாத மருந்தை மொத்தமாகக் கொடுக்கிறோம். வெளியூர் லோடில் இருக்கும்போது தீர்ந்துபோனால், மையத்தில் தந்த பச்சை நிறச் சிகிச்சைப் புத்தகத்தைக் காட்டி எந்த மாநிலத்து ஏஆர்டி மையத்திலும் வாங்கிக்கொள்ளலாம் என்பது அவருக்கு அதுவரை தெரியாது.

பெண்களுக்கு இது வேறு மாதிரி. சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே மையம் இருக்கும். டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் வந்துவிடலாம். ஆனால் தெரிந்த முகம் வேண்டாம் என்று பக்கத்து மாவட்டத்துக்குப் போவார்கள். அந்த வெளியூர் பஸ்ஸுக்குக் காசு, சாப்பாட்டுக்குக் காசு, கோழிப்பண்ணையில் அன்றைய கூலியும் போச்சு. ஊர்ப்பக்கமே வாங்கிக்கொள்ளுங்கள் என்று அவர்களிடம் நான் வற்புறுத்துவதில்லை. அந்த ஊரில் குடியிருக்கப்போவது அவர்கள்தானே.

உதவித் திட்டங்கள் இல்லாமல் இல்லை. உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் உறுப்பினராக இருக்கும் விவசாயக் கூலிக்கு, இந்த நோயால் வேலைக்குப் போக முடியாத காலத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள எச்.ஐ.வி. குடும்பங்களையும் அந்தியோதயா ரேஷன் அட்டையில் சேர்க்க வேண்டும் என்று 2009-லேயே மத்திய அரசு சொல்லியிருக்கிறது; அந்த அட்டைக்கு மாதம் 35 கிலோ அரிசி. ஏஆர்டி மையத்துக்குச் சிகிச்சைக்குப் போக ரயிலில் இரண்டாம் வகுப்புக்குப் பாதிக் கட்டணம். ஆனால் அதற்கான படிவத்தில் நோயின் பெயர் இருக்கும். அதைக் கவுன்டரில் நீட்ட வேண்டும். பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது யார் நீட்டுவார்கள்? முழுக் காசு கொடுத்து டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள்.

அதனால் நான் திட்டங்களை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறேன்: நோயைச் சொல்லி வாங்க வேண்டியவை, சொல்லாமலே வாங்கக்கூடியவை. இரண்டாவதைத்தான் முதலில் பிடிப்பேன்.

விதவை ஓய்வூதியம் அப்படிப்பட்டது. இப்போது மாதம் 1,200 ரூபாய். கணவரை இதே நோயில் இழந்த ஒரு அக்கா, அதற்கு மனுப் போடவே மாட்டேன் என்றார். "விஏஓ வந்து உங்க வீட்டுக்காரர் எதுல போனார்னு கேட்பாரே, நான் என்னங்க சொல்றது?" நோய் பெரிதா, இந்தக் கேள்வி பெரிதா என்றால் அவருக்கு இந்தக் கேள்விதான் பெரிது. இறப்புச் சான்றிதழைக் கொண்டுவரச் சொல்லி, மேசையில் விரித்து, வரிவரியாக அவரோடு சேர்ந்து படித்தேன். பெயர், தேதி, இடம், முகவரி. இறந்த காரணம் எங்கேயும் இல்லை. சட்டப்படியே அதை அதில் எழுதக் கூடாது. திரும்ப ஒருமுறை விரல் வைத்துப் பார்த்தார். விஏஓ கேட்டால் "காய்ச்சல்ல போயிட்டாருங்க" என்று சொன்னால் போதும். அது பொய்யும் இல்லை, கடைசியில் அவருக்கு வந்தது காய்ச்சல்தான். இ-சேவை மையத்துக்குத் தனியாகப் போகத் தயங்கினார். எச்.ஐ.வி. உள்ளவர்களே நடத்தும் எங்கள் மாவட்ட பாசிட்டிவ் நெட்வொர்க்கில் வேலை செய்யும் ஒரு பெண்மணி, அக்கம்பக்கத்தில் கேட்டால் தூரத்துச் சொந்தம் என்று சொல்லிக்கொண்டு கூடவே போனார். தானும் இதே மாத்திரை சாப்பிடுகிறவர். நான் பத்து தடவை சொல்வதும் அவர் ஒரு தடவை சொல்வதும் ஒன்றல்ல. பணம் வர இழுத்தடித்தது, ஆனால் வந்தது.

முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையும் இந்த வகைதான். வருமானச் சான்று, ரேஷன் அட்டை போதும்; குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை. பிற்பாடு வருகிற இதய அடைப்புக்கும் அறுவை சிகிச்சைக்கும் அது கை கொடுக்கும். காசநோயும் சேர்ந்திருந்தால், அந்தச் சிகிச்சை முடியும்வரை ஊட்டச்சத்துக்கு என்று மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். 2024 நவம்பருக்கு முன்னால் 500. பிள்ளைகளுக்கு, பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கென்று தமிழக அரசு 2009-ல் 5 கோடி ரூபாயில் தொடங்கிய அறக்கட்டளை இருக்கிறது. அந்தப் பணத்தின் வட்டியிலிருந்து படிப்புக்கும் சத்துணவுக்கும் உதவி. இதற்கு நோயைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் வேலை எங்கள் மையம் வழியாகவே நடப்பதால் பள்ளிக்கூடத்துக்குத் தெரிய வேண்டியதில்லை என்று சொன்ன பிறகுதான் தாய்மார்கள் கையெழுத்துப் போடுகிறார்கள்.

நோயைச் சொல்லாமல் முடியாது என்கிற இடத்தில் 2017-ம் ஆண்டு எச்.ஐ.வி./எய்ட்ஸ் சட்டத்தைத் துணைக்கு வைத்துக்கொள்கிறேன். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஒருவருடைய தொற்று நிலையை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்கிறது. ஒரு தடவை ஒரு அலுவலகத்தில், மனுவின் மேல் சிவப்பு மையில் நோயின் பெயரைப் பெரிதாக எழுதி, எல்லா மேசைக்கும் சுற்றவிட்டிருந்தார்கள். அந்த மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு, புதிதாக எழுதி, மூடிய உறையில் வைத்து அதிகாரியின் கையில் நேராகக் கொடுத்தோம். சட்டத்தை எடுத்துச் சொன்னதும் அவர் ஏற்றுக்கொண்டார். அரசுக்கு நான் கேட்பது ஒன்றே ஒன்று: எந்தப் படிவத்திலும் "நீண்டகாலச் சிகிச்சையில் உள்ளார்" என்ற ஒரு வரியும் டாக்டரின் முத்திரையும் போதும் என்று ஆக்குங்கள். ரயில் கவுன்டரில் இருப்பவருக்கு அதற்கு மேல் எதற்குத் தெரிய வேண்டும்?

இப்போது புதுச் செலவு ஒன்று வந்திருக்கிறது. பத்துப் பதினைந்து வருடமாக மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு வயதாகிறது. சர்க்கரை, பிரஷர் வருகிறது. வருடக்கணக்கில் நன்றாக இருக்கிறார்கள் என்பதால்தான் வருகிறது, அந்த வகையில் எனக்குச் சந்தோஷமும் கூட. இந்த மாத்திரைகளை அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். ஆனால் எங்கள் ஆட்கள் பலர் பெயர் கொடுப்பதில்லை. வருகிற பெண் அதே தெரு. வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க என்று கேட்டுவிடுவாரோ என்று பயம். மெடிக்கலில் காசு கொடுத்து வாங்குகிறார்கள், காசில்லாதபோது விட்டுவிடுகிறார்கள். எங்கள் டாக்டர் இதே வளாகத்தில் இருக்கும் சர்க்கரை நோய்ப் பிரிவில் பேசி, ஏஆர்டி தேதியும் அந்தத் தேதியும் ஒரே நாளில் வரும்படி மாற்றித் தரச் சொல்லியிருக்கிறார். முதலில் அறுபது வயதைத் தாண்டியவர்களின் அட்டைகளை எடுத்துத் தேதி திருத்தும் வேலையில் இருக்கிறோம்.