காற்றுக் கணக்கும் முதலைக் கண்ணும்

22 பிப்ரவரி 2025, சனி

இன்று பொழுது முழுக்க ஒன்பது மணி நேரப் பூஜ்யத்தோடு போயிற்று. பூளவாடிப் பக்கம் நிற்கும் ஒரு மாஸ்ட்டின், அதாவது காற்றை அளக்கும் கோபுரத்தின், டேட்டா. பத்து நிமிடத்துக்கு ஒரு சராசரி, நாளுக்கு 144 வரி. செவ்வாய் இரவு பதினொன்றிலிருந்து மறுநாள் காலை எட்டு வரை 54 வரியும் பூஜ்யம். மாசி மாத இரவில் இந்தப் பக்கம் காற்று அடங்கிக் கிடப்பது வழக்கம்தான். ஆனால் அதே உயரத்தில் எதிர்ப்பக்கம் நீட்டிய கையில் மாட்டிய இரண்டாவது காற்றுமானி, அந்த நேரம் பூராவும் வினாடிக்கு ஒன்றரை மீட்டர், இரண்டு மீட்டர் என்று எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. காற்று அடித்திருக்கிறது. முதல் மானியின் கோப்பைகள்தான் சுழலவில்லை.

ஒரே உயரத்தில் இரண்டு மாட்டுவது இதற்காக அல்ல. கோபுரத்தின் மறைவில் மாட்டிக்கொண்ட மானி காற்றைக் குறைத்துக் காட்டும். எந்தத் திசையில் அடித்தாலும் ஒன்றாவது மறைவில்லாமல் நிற்கட்டும் என்றுதான் அந்த ஏற்பாடு. பேரிங் தேய்ந்ததையும் அதுவே காட்டிக்கொடுத்துவிட்டது. ஒன்று மட்டும் இருந்திருந்தால் காற்றே இல்லை என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன்.

54 கட்டங்களிலும் பூஜ்யத்தை அழித்து, 'தெரியவில்லை' என்று குறித்தேன்.

அடுத்த சனிக்கிழமை அமராவதி அணை. முதலை ஆராய்ச்சி செய்யும் மாணவி ஒருவர், என் கல்லூரியில் எனக்குப் பல வருடம் பின்னால் படித்தவர், இரவுக் கணக்கெடுப்புக்குப் புள்ளியியல் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்டார். வனத்துறை அனுமதி கிடைத்தாயிற்று. எத்தனை முதலை, எந்தக் கரை வளைவு என்று வெளியே சொல்லக்கூடாது என்பது நிபந்தனை. அதனால் அந்த எண்கள் இங்கே வராது.

1 மார்ச், சனி

உடுமலையிலிருந்து தெற்கே போகப் போக மலை கிட்டே வந்துகொண்டே இருக்கிறது. பாம்பாறும் சின்னாறும் தேனாறும் வந்து சேரும் இடத்தில் 1957ல் கட்டிய அணை, 90 அடி வரை நீர் தேக்கலாம். அந்தப் பக்கம் ஆனைமலைப் புலிகள் காப்பகம். 1976ல் இங்கே முதலைப் பண்ணை தொடங்கினார்கள். கரையோரக் குழிகளிலிருந்து முட்டை எடுத்துப் பொரிக்கவைத்து, வளர்த்து, மறுபடி நீரில் விட்டார்கள். அடுத்த ஊர்க்காரனாக இருந்தும் சின்ன வயதில் பண்ணைத் தொட்டியைப் பார்த்ததோடு சரி. பின்னாலிருக்கும் இந்தப் பெரிய நீரைப் பார்த்ததே இல்லை.

பகலில் வெயில் காய்பவற்றைப் பார்த்துப் பழகிக்கொள்ளச் சொன்னார் மாணவி. நன்னீர் முதலை, அகன்ற மூஞ்சி. முப்பது மீட்டரில் ஒன்று வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. முதுகில் காய்ந்த சேறு வெடித்து, செதிலோடு செதிலாக ஒட்டிக்கொண்டிருந்தது. கீழ்த்தாடை ஓரம் ஒரு ஈ. அரை மணி நேரமாக அது அசையவில்லை. தூங்குகிறது போலிருக்கிறது என்றேன்.

"அப்படி நெனச்சுக்காதீங்க தம்பி," என்றார் படகோட்டி. இந்த அணையில் முப்பது வருடமாக வலை போடுபவர். "நம்ம வந்ததுல இருந்து அது நம்மளத்தான் பாத்துட்டு இருக்குதுங்க."

தலை மட்டும் தெரிந்தால் நீளத்தை எப்படிக் குறிப்பது? தலை நீளத்தை ஏழால் பெருக்கினால் ஏறக்குறைய முழு நீளம் என்றார் மாணவி. எனக்கு ஒரே ஆச்சரியம். காற்றிலும் இந்த ஏழு உண்டு: உயரம் கூடக்கூட வேகம் எப்படிக் கூடும் என்பதற்கு, உயர விகிதத்தின் 1/7 அடுக்கு என்று ஒரு பழைய தோராயம். 10 மீட்டரில் அளந்ததை 80 மீட்டருக்கு ஏற்றினால் சுமார் 35 சதவீதம் கூடும். இரண்டு ஏழுக்கும் சம்பந்தமில்லை. இரண்டுமே தோராயம் என்பதுதான் பொதுவானது. அந்தந்த இடத்தில் அளந்து சரிபார்க்காமல் எதையும் நம்பக்கூடாது.

2 மார்ச், ஞாயிறு

விடிந்து வந்து தூங்கி எழுந்து எழுதுகிறேன். மூன்று நாள் முன்புதான் அமாவாசை, நல்ல இருட்டு. டார்ச்சை நெற்றியோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். முதலையின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கிறது. அது வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும். விளக்கை இடுப்பில் பிடித்தால் அந்த ஒளி நம் கண்ணுக்கு எட்டாமலே போய்விடும்.

முதல் கண்ணைப் பார்த்தபோது கரையில் யாரோ பீடி குடிக்கிறார்கள் என்றே நினைத்தேன். அந்தக் கங்கு நிறம். நேராகப் பார்த்தால் இரண்டு, பக்கவாட்டில் ஒன்று. திரும்பிக்கொண்டால் ஒன்றுமில்லை. அமுங்கினால் கங்கு அணைந்த மாதிரி இருட்டு. கிட்டப் போய் அளவு சொல்ல முடிந்தால் எழுதுவோம். அதற்குள் மறைந்தால் 'கண் மட்டும்' என்று தனிக் கட்டம். அந்தக் கட்டம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. பார்த்ததைப் பார்த்த அளவுக்கு மட்டும் எழுதும் கட்டம் அது.

இந்த வழியில் பெரிய அளவில் கணக்கெடுத்தவர்களில் ஒருவர் ஹாரி மெசல், சிட்னி பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர். 1970களில் வட ஆஸ்திரேலியாவின் கழிமுக ஆறுகளில் உவர்நீர் முதலைகளை இரவிரவாக எண்ணியவர். அது தெரிந்ததும், காற்றுக் கணக்குப் போடுகிறவனுக்கு இங்கே என்ன வேலை என்ற தயக்கம் போய்விட்டது.

9 மார்ச், ஞாயிறு

காற்று வேகத்தைக் கணக்கிட நாங்கள் பயன்படுத்தும் வெய்புல் பரவல் பற்றி மாணவிக்குச் சொன்னேன். அவர் கேட்ட கேள்வி நல்ல கேள்வி: "சராசரி வேகம் தெரிஞ்சா போதாதா அண்ணா?"

போதாது. காற்றின் ஆற்றல் வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். ஒரு மணி நேரம் வினாடிக்கு 4 மீட்டர், அடுத்த மணி நேரம் வினாடிக்கு 8 மீட்டர் என்றால் சராசரி 6. அதன் மும்மடி 216. ஆனால் 64ஐயும் 512ஐயும் கூட்டிப் பாதியாக்கினால் 288. வேகம் எப்படிப் பரவிக் கிடக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதை இரண்டே எண்ணில் சொல்லிவிடுகிறது வெய்புல்: ஒன்று அளவைக் குறிக்கும், மற்றது வடிவத்தை. வடிவ எண் 2 என்றால், சராசரியை மும்மடியாக்கிக் கிடைப்பதைப் போல 1.91 மடங்கு நிஜமான ஆற்றல்.

வலோடி வெய்புல் சுவீடன் நாட்டுப் பொறியாளர். அவருடைய 1951ஆம் ஆண்டுக் கட்டுரையில் காற்றே கிடையாது. எஃகின் உறுதி, பீன்ஸ் விதையின் அகலம், அப்புறம் இந்தியப் பருத்தி இழையின் வலிமை! பஞ்சாலை ஊர்க்காரனுக்கு இதைப் படித்தால் எப்படி இருக்கும்!

ஆனால் எங்கள் ஊர் முழு வருட டேட்டாவுக்கு ஒரே ஒரு வெய்புல் போட்டால் உட்காராது. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஒரு திமில், மற்ற மாதங்களின் மெல்லிய காற்று இன்னொரு திமில். இரண்டு பரவலைக் கலந்து பொருத்தினால்தான் உண்மைக்குக் கிட்டே வரும்.

29 மார்ச், சனி, அமாவாசை

இன்று இரவு இரட்டைப் பார்வை. படகின் முன்னால் மாணவி, பின்னால் நான், நடுவில் ஒரு துணி மறைப்பு. பார்த்ததை வாய்விட்டுச் சொல்லக்கூடாது. அவரவர் தாளில் நேரமும் பக்கமும் மட்டும். மாஸ்ட்டில் இரண்டு மானி இருக்கிற மாதிரி, படகில் இரண்டு ஆள்.

ஒன்பதரைக்கு மலையிலிருந்து காற்று இறங்கியது. கைக் காற்றுமானியில் 3 மீட்டர்தான். அதுவே போதும், தண்ணீர் முழுக்கச் சின்னச் சின்னச் சுருக்கம். ஒவ்வொரு சுருக்கமும் டார்ச் வெளிச்சத்தைத் துண்டு துண்டாகத் திருப்பி அனுப்புகிறது. எது கண், எது அலை என்று தவித்துப்போனேன். படகோட்டி துடுப்பை நிறுத்திவிட்டு, "காத்து அடங்கட்டுங்க, இப்ப எண்ணுனா பாதிதான் வரும்," என்றார். அவர் வாயால் வந்த அந்தப் 'பாதி'யை எண்ணாக மாற்றுவதுதான் என் வேலை.

30 மார்ச், ஞாயிறு

நேற்றைய எண்களை எழுத முடியாது. சும்மா ஒரு கணக்கு வைத்துச் சொல்கிறேன். முன்னால் இருப்பவர் 20 பார்த்தார், பின்னால் இருப்பவர் 18, இருவரும் பார்த்தது 12. பின்னவர் பார்த்த 18ல் 12 முன்னவர் கண்ணிலும் பட்டிருக்கிறது; ஆக முன்னவர் மூன்றில் இரண்டைப் பிடிக்கிறார். அப்படியானால் அவருடைய 20 என்பது 30ல் மூன்றில் இரண்டு. கண்ணில் பட்டவை மொத்தம் 26, நான்கு தப்பியிருக்கின்றன.

இது குறைந்தபட்சம்தான். படகு கடந்த நேரம் அமுங்கிக் கிடந்த முதலை இருவருக்குமே இல்லை. ஆளைக் கண்டு பழகி உஷாரான பெரிய முதலையும் இருவருக்குமே தப்பும். தப்புவது சேர்ந்தே தப்பினால் கணக்கு எப்போதும் குறைவாகத்தான் காட்டும். அதனால்தான் ஒரே வளைவுக்குப் பல இரவு போகவேண்டியிருக்கிறது.

3 ஏப்ரல், வியாழன்

பேரிங் மாற்றியாகிவிட்டது. இரண்டு மானியும் ஒன்றாக ஓடுகின்றன.

27 ஏப்ரல், ஞாயிறு, அமாவாசை

குஞ்சுகள்! மணல் திட்டு ஓரம் படகை நிறுத்தியதும் சத்தம்தான் முதலில் கேட்டது, கம்மிய குரலில் குட்டி நாய் விட்டுவிட்டுக் கூப்பிடுவது மாதிரி. டார்ச்சைத் திருப்பினால் புல் அடியில் பொடிப் பொடியாகக் கங்குகள், ஒரு கைப்பிடி மிளகாய் விதையை இறைத்த மாதிரி. நான்கு மீட்டர் தள்ளி ஒரு பெரிய ஜோடிக் கண். தாய். அது எங்கள் பக்கம் நகர்ந்ததும் படகோட்டி ஒரு வார்த்தை பேசாமல் பின்னால் தள்ளிவிட்டார்.

முட்டையாக இருந்தபோது குழியின் சூடுதான் இவை ஆணா பெண்ணா என்று முடிவு செய்திருக்கும். 32.5 டிகிரியை ஒட்டி ஆண்கள் அதிகம்; அதற்குக் கீழே இறங்கினாலும் மேலே ஏறினாலும் பெண்கள். குஞ்சுகளை மொத்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. பெரும்பாலானவை முதல் வருடத்தைத் தாண்டாது என்று தெரிந்துதான் தனியாக எழுதுகிறார்கள். தெரிந்தும், ஒவ்வொன்றாக மூன்று முறை எண்ணினேன்.

24 மே, சனி

கேரளத்தில் பருவமழை தொடங்கிவிட்டதாக இன்று அறிவிப்பு. வழக்கமாக ஜூன் 1. 2009க்குப் பிறகு இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை. பல்லடம் ரோட்டில் காற்றாலைகள் எல்லாம் மேற்கே பார்த்துச் சுற்றுகின்றன. ஆபீஸில் எல்லோருக்கும் சந்தோஷம். அமராவதியில் இனி இரவுக் கணக்கெடுப்பு கிடையாது, நீர் கொந்தளிக்கும்.

8 ஜூன், ஞாயிறு

இந்த வார இறுதி முழுக்க மாணவியின் டேட்டாவோடு. 2004ல் ராயில் என்ற புள்ளியியலாளர் சொன்ன முறையை முதலில் போட்டுப் பார்த்தோம். அடுத்தடுத்த இரவுகளில் ஒரு வளைவில் இருக்கும் முதலைகள் அதேதான் என்று வைத்துக்கொண்டால், எண்ணிக்கை ஏறி இறங்குவது நம் பார்வையால். அந்தப் பார்வையைக் காற்று வேகத்தோடு கோத்துவிடலாம். அழகாகப் பொருந்தியது. காற்று ஏற ஏற எண்ணிக்கை இறங்குகிறது.

மாணவிக்குத்தான் திருப்தி இல்லை. காற்று எந்தக் கரையிலிருந்து வருகிறதோ அந்தக் கரை மறைவு. அங்கே தண்ணீர் அமைதி. எதிர்க்கரையில்தான் அலை முட்டும். அலை அடிக்கும் இடத்தில் முதலைக்கு மூக்கை நீருக்கு மேலே வைத்துக்கொள்வதே சிரமம். அது மறைவுக் கரைக்கு நகர்ந்துவிட்டால்? "அங்க குறைஞ்சது நம்ம பார்வையா, முதலையாண்ணா?" என்றார். நான் யோசிக்கவே இல்லை. காற்றின் திசையைக் கரையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அதிலும் திசைக்குச் சாதாரணச் சராசரி கூடாது. 350 டிகிரியும் 10 டிகிரியும் வடக்கு, கூட்டி வகுத்தால் 180, தெற்காகிவிடும்.

பிரிக்க வழி இருக்கிறது. இரட்டைப் பார்வையை இரண்டு கரைக்கும் தனித்தனியாகச் செய்யவேண்டும். அலைக் கரையில் பார்வைதான் மங்குகிறது என்றால், ஒருவர் பார்த்ததை மற்றவரும் பார்க்கும் பங்கு அங்கே குறையும். பங்கு குறையாமல் எண்ணிக்கை மட்டும் குறைந்தால் முதலையே இடம் மாறியிருக்கிறது. இருவருமாகத் தாளைப் புதிதாக வரைந்தோம்: கரை, காற்றுத் திசை, வேகம், முன்னவர், பின்னவர், கண் மட்டும்.

படகோட்டிக்குப் போன் போட்டேன். ஆற்றில் வெள்ளம் வடிந்து, மழையெல்லாம் ஓய்ந்து, தை அமாவாசைக்கு வாங்க தம்பி, பொங்கல் முடிஞ்சு போலாம் என்றார். கைக் காற்றுமானி இரண்டு எடுத்துக்கொண்டு போகவேண்டும்.