வெண்பாவில் ஓட்டை விட்டு எழுதிப் பார்த்தேன்

வெண்பா எழுத வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அசை (ஓசைத் துண்டு), சீர் (அசைகள் சேர்ந்த அலகு), தளை (ஒரு சீர் அடுத்த சீரோடு இணையும் விதம்) எல்லாம் ஓரளவு தெரியும். தெரிந்ததுதான் தொல்லை. ஒரு சீரை எழுதிய உடனே அடுத்த சீர் தளை தட்டுமா என்று விரல்விட்டுப் பார்ப்பேன். தட்டினால் அடிப்பேன். இன்னொன்று வைப்பேன், அதற்கு மோனை அமையாது. நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் அரை அடி, முக்கால் அடி என்று நிற்கும். முழுதாக முடிந்த ஒரு குறள் வெண்பாகூட இல்லை.

யாப்பு பழகாதவர்களுக்குச் சில வரி. ஒற்றை எண்ணாமல், ஓரெழுத்து அசை நேர் ('தே'); குறிலில் தொடங்கும் ஈரெழுத்து அசை நிரை ('புளி'). ஈரசைச் சீர் நேரில் முடிந்தால் மா, நிரையில் முடிந்தால் விளம்; மூவசைச் சீர் நேரில் முடிந்தால் காய், நிரையில் முடிந்தால் கனி. வெண்பாவில் மாச்சீர் வந்தால் அடுத்த சீர் நிரையில் தொடங்க வேண்டும்; விளச்சீரோ காய்ச்சீரோ வந்தால் அடுத்தது நேரில் தொடங்க வேண்டும். கனிச்சீருக்கு இடமே இல்லை. கடைசி அடிக்கு மூன்றே சீர், அதன் இறுதிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு சொற்களின் ஓசையில் ஒன்றாக முடிய வேண்டும். இவ்வளவுதான் அடிப்படை. 'வெண்பா புலவர்க்குப் புலி' என்று பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். அந்தச் சொலவடையை அலகிட்டு (அசை பிரித்து)ப் பாருங்கள்: 'புலவர்க்குப்' காய்ச்சீர், 'புலி' நிரை. அதை வெண்பாவின் ஈற்றடியாக வைத்தால் தளை தட்டும்! இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

மீதிப் பாதி எங்கே இருந்தது என்பதற்கு ஓர் உதாரணம். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கூட்டத்தைப் பற்றி எழுத நினைத்து 'பேருந்து நிறுத்தம்' என்று தொடங்கினேன். 'பேருந்து' தேமாங்காய் (நேர் நேர் நேர்). அடுத்து நேர் வர வேண்டும். 'நிறுத்தம்' நிரையில் தொடங்குகிறது. கலித்தளை, வெண்பாவுக்கு ஆகாதது. சரி, வேறு சொல் தேடுவோம் என்று அகராதியைத் திறந்தேன். ஒரு மாலைப் பொழுது முழுக்க அந்த இரண்டாவது சீரிலேயே போய்விட்டது. கூட்டத்தைப் பற்றி என்ன சொல்ல வந்தேன் என்பதும் அதற்குள் மறந்துபோனது. யாப்பு சரிபார்க்கும் மென்பொருள் வேறு கையில் இருந்தது. ஒவ்வொரு சொல்லையும் அதில் தட்டித் தட்டிப் பார்ப்பது, கொதிக்காத உலையை நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பது போலத்தான்.

அப்புறம்தான் ஓட்டை விட்டு எழுதும் யோசனை வந்தது. சொல் கிடைக்காத இடத்தில் நிற்பதில்லை. அந்த இடத்துக்கு என்ன வாய்பாடு (தேமா, புளிமா போன்ற சீரின் பெயர்) வேண்டுமோ அதையே எழுதிவிட்டு நகர்வது. இதில் ஒரு வசதி இருக்கிறது. 'தேமா' என்ற சொல்லே தேமாச்சீர்தான், 'கருவிளங்காய்' என்பதே கருவிளங்காய்ச்சீர்தான். அதனால் ஓட்டை இருந்தாலும் ஓசை அறுந்து போகாது, வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம்.

முதல் சில நாள் பொருளைப் பற்றிக் கவலைப்படாமல் கையைப் பழக்கினேன். திருக்குறளின் 1330 பாக்களும் குறள் வெண்பாக்கள்தான், அச்சுக்குப் பஞ்சமில்லை. முதல் குறளை அலகிட்டால் 'புளிமா புளிமா புளிமாங்காய் தேமா / புளிமா புளிமா பிறப்பு' என்று வரும். அந்த அச்சில் மனத்தில் பட்டதை ஊற்றினேன்:

இரவு முழுதும் இருமல்தான் வீட்டில்
வரவு செலவுக் கணக்கு.

இருமலுக்கும் கணக்குக்கும் என்ன உறவு என்று கேட்காதீர்கள். ஏழு சீரும் நிற்கின்றன, எதுகை பொருந்துகிறது, முடிந்தும் விட்டது. இப்படிப்பட்டவற்றுக்கென்றே தனியாக ஒரு நோட்டு போட்டு, அட்டையில் 'கழிசல்' என்று எழுதி வைத்தேன். அந்த நோட்டுக்கு ஒரே விதி: கடைசிச் சீர் வரை போயாக வேண்டும். அட்டையிலேயே கழிசல் என்று இருப்பதால், கை கூசாமல் எழுத முடிகிறது.

அடுத்து, சொல்ல ஏதாவது இருக்கிற ஒன்றை எடுத்தேன். எழுத வராமல் உட்கார்ந்திருப்பதையே எழுதினேன். முதல் வரைவு இது:

ஆறிய தேநீர் கருவிளங்காய் வெள்ளைத்தாள்
தேமாங்காய் பார்க்கும் எனை.

மேசையில் கிடந்ததை மனைவி எடுத்துப் படித்துவிட்டு, "வெள்ளைத்தாளுக்கு எதுக்குங்க மாங்காய்?" என்றாள். அன்றைக்கு அப்படியே மூடி வைத்துவிட்டேன். எழுதுகிற நாளில் தளை பார்ப்பதில்லை, மென்பொருளைத் திறப்பதும் இல்லை. அதெல்லாம் மறுநாள்தான் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். இந்த முறையில் எனக்கு மிகவும் உதவியது இதுதான். எழுதுகிறவனையும் திருத்துகிறவனையும் ஒரே நாற்காலியில் உட்காரவைத்தால், இரண்டாமவன்தான் எப்போதும் ஜெயிக்கிறான்.

மறுநாள் 'அருகிருக்க' முதல் ஓட்டையில் தானாக வந்து விழுந்தது. 'ஆறிய' என்பதோடு மோனையும் கிடைத்தது. இரண்டாவது ஓட்டையில் 'மாறாமல்' போட்டேன். இலக்கணப்படி சரி. ஆனால் அடைசலாக இருந்தது, தாள் எங்கே மாறப் போகிறது? முன்பாக இருந்தால் அங்கேயே நின்றிருப்பேன். இந்த முறை 'மாறாமல்' இருக்கட்டும் என்று விட்டுவிட்டு வேறு பாக்களுக்குப் போனேன். சில நாள் கழித்து, காய்கறி வாங்கிக்கொண்டு வரும் வழியில், ஈற்றடி மொத்தமும் மாறியது:

ஆறிய தேநீர் அருகிருக்க வெள்ளைத்தாள்
கூறாமல் கூறும் குறை.

பஸ் கூட்டத்தையும் அப்புறம் விடவில்லை. 'நிறுத்தம்' இருந்த இடத்தில் கூவிளங்காய் என்று போட்டுவிட்டுச் சொல்ல வந்ததை முதலில் சொல்லி முடித்தேன். முடித்த பிறகு பார்த்தால், அகராதி தராத சொல் பேச்சுவழக்கிலேயே இருந்தது:

பேருந்து நிற்குமிடம் பேர்மட்டும், நிற்பதெல்லாம்
ஊராரே; ஓடும் அது.

கடைசிச் சீரில் 'பஸ்' வைக்கத்தான் ஆசை. 'ஓடும்' மாச்சீர், 'பஸ்' நேர்; ஒட்டாது. 'அது' என்பதில் கொஞ்சம் சுரத்துக் குறைவுதான். இதைவிட நல்லதாக வரலாம். வராவிட்டாலும் இது முடிந்த வெண்பா, நோட்டில் தேதி போட்டாயிற்று.

எல்லா ஓட்டையும் அடைபடுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சில வரைவுகளில் பாதிக்குமேல் வாய்பாடுகளே நிற்கின்றன. அவற்றில் சொல்ல வந்த விஷயமே மெலிசு, யாப்பின் மேல் பழி போட முடியாது. அவற்றைக் கழிசல் நோட்டுக்கு மாற்றிவிடுகிறேன்.

இப்போது நேரிசை வெண்பாவில் இறங்கியிருக்கிறேன். நான்கு அடி, இரண்டாம் அடியின் கடைசியில் தனிச்சொல், அது முதலிரண்டு அடிகளின் எதுகையோடு ஒத்துப் போக வேண்டும். தனிச்சொல்தான் இழுக்கிறது. எதுகைக்காக வைத்தது அப்பட்டமாகத் தெரிகிறது. அதனால் பின்னாலிருந்து எழுதிப் பார்க்கலாம் என்று எண்ணம். நண்பர் ஒருவரிடம் ஈற்றடியின் கடைசி இரண்டு சீர் கேட்டிருக்கிறேன். அவர் கொடுத்தது: "ஓடும் அது". என்னுடையதையே எனக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். சரி, இந்தத் தடவை 'அது' பஸ்ஸாக இருக்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. அணில் என்று நினைத்திருக்கிறேன்.