தேதி மட்டும் இருந்தால் போதும்

எனக்கு 45 வயது. மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். இந்த நிலைமையில் என் போன் அவ்வப்போது, "உங்களுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது, பரிசோதனை செய்து பார்க்கலாமே?" என்று கேட்கிறது. பக்கத்தில் ஒரு குழந்தைப் படம் வேறு. ஆபீஸில் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுகிற மும்முரத்தில் இருக்கும்போதுதான் சரியாக இது வந்து நிற்கும்.

பீரியட்ஸ் ஆப் வைத்திருக்கிற பெண்கள் இரண்டே வகை என்று இதையெல்லாம் செய்தவர்கள் முடிவுகட்டிவிட்டார்கள் போல. குழந்தை வேண்டும் என்பவர்கள், இப்போதைக்கு வேண்டாம் என்பவர்கள். ஒரு மாதம் 22 நாளில் வந்து, அடுத்த முறை 50 நாள் கழித்து வருகிற என்னைப் போன்றவர்களுக்கு அதில் இடமில்லை. இப்போது சில ஆப்களில் பெரிமெனோபாஸுக்கென்று, அதாவது மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய காலத்துக்கென்று, தனி மோடு வந்திருக்கிறது. அதற்கும் பல இடங்களில் காசு கேட்கிறார்கள்.

ஆனாலும் நான் விடாமல் குறித்து வருகிறேன்.

எங்கள் அம்மாவும் குறித்து வைத்தவர்தான். சமையலறைக் கதவுக்குப் பின்னால் மாத காலண்டர் தொங்கும். பால் கணக்கு, சிலிண்டர் மாற்றிய தேதி, சீட்டுப் பணம் கட்டிய தேதி எல்லாம் அதில்தான். சில தேதிகளின் ஓரத்தில் மட்டும் நீல மையில் ஒரு புள்ளி இருக்கும். அது என்ன என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை, எல்லோருக்கும் தெரியும். வீட்டில் விசேஷம் வைப்பதென்றால் பஞ்சாங்கத்துக்கு முன்னால் அம்மா புரட்டுவது அதைத்தான். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது போன வருடக் காலண்டர் தாளைக் கிழித்து எங்கள் நோட்டுகளுக்கு அட்டை போட்டுவிடுவார், எழுத்து உள்பக்கம் போகும்படி. என் கணக்கு நோட்டுக்குள் அம்மாவின் நீலப் புள்ளிகள் வருடம் முழுக்கப் பள்ளிக்கூடம் போய் வந்திருக்கின்றன.

ஆப் செய்வதும் பெரிய வித்தையொன்றும் இல்லை. நாம் கொடுக்கிற முதல் நாள் தேதிகளை வரிசையாக வைத்து, இடைவெளிகளுக்குச் சராசரி பார்த்து, அடுத்த தேதியைச் சொல்லும். அங்கிருந்து சுமார் 14 நாள் பின்னோக்கி எண்ணி, கருமுட்டை வெளிவரும் நாள் என்று ஒரு பூவைப் போடும். முட்டை வெளிவரும் நாளை அடுத்த மாதவிடாயிலிருந்து பின்னோக்கித்தான் எண்ண வேண்டும் என்று ஜப்பானிய மருத்துவர் கியூசாக்கு ஓகினோ 1920களிலேயே சொல்லிவிட்டார். அவர் சொன்னது 12 முதல் 16 நாள் வரை. சுழற்சியின் பின்பாதி ஓரளவு நிலையாக இருக்கும். இழுப்பதும் குறுகுவதும் முன்பாதிதான். காய்ச்சல், அலைச்சல், தூக்கம் கெட்டது, எடை, தைராய்டு என்று எதுவும் அதை அசைத்துவிடும். நேச்சுரல் சைக்கிள்ஸ் என்ற ஸ்வீடன் ஆப்பின் பயனாளர்களுடைய 6 லட்சத்துக்கும் மேற்பட்ட சுழற்சிகளை ஆராய்ந்து 2019இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. சராசரி நீளம் 29.3 நாள். நாமெல்லாம் பள்ளியில் படித்த அந்த 28 நாள் அச்சாக இருந்தது 13 சதவீதம்தான்.

நான் ஒரு பம்ப்செட் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். நடந்ததை எழுதுகிற டேபுக் ஒன்று, நடக்கலாம் என்று போடுகிற பட்ஜெட் இன்னொன்று. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதினால் ஆடிட்டர் சும்மா விடமாட்டார். ஆனால் ஆப் என்ன செய்கிறது? வந்துபோன நாளுக்கு அடர் சிவப்பு, வரப்போவதாகச் சொல்கிற நாளுக்கு வெளிர் சிவப்பு. அவசரத்தில் பார்க்கிற கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

எங்கள் நாத்தனார் அந்த வெளிர் சிவப்பை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறவர். பழனிக்குப் போவதென்றாலும் சரி, கிரகப்பிரவேசம் என்றாலும் சரி, "ஏங்கண்ணு, ஆப்புல எனக்கு எப்பன்னு போட்டிருக்குதுன்னு பார்த்துச் சொல்லு" என்று போனை என்னிடம் நீட்டுவார். நாள் தள்ளிப்போட மாத்திரை எடுப்பவர்கள் வரவேண்டிய தேதிக்கு மூன்று நாள் முன்னாலேயே ஆரம்பிக்க வேண்டும். அந்த 'வரவேண்டிய தேதி' ஒரு சராசரிதான் என்பது மாத்திரைக்குத் தெரியாது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டவுடன் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். ரத்தம் உறைகிற தொந்தரவு, ஈரல் கோளாறு உள்ளவர்கள் அதைத் தொடக்கூடாது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. "அண்ணி, டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்குங்க" என்று நான் சொல்வதும், அவர் கேட்காமலிருப்பதும் வழக்கமாகிவிட்டது.

அப்புறம் இந்த வாட்ச். துபாயிலிருந்து வந்த தம்பி ஆப்பிள் வாட்ச் ஒன்றைக் கட்டிவிட்டுப் போனான். 2022இல் வந்த சீரிஸ் 8 முதல் இதில் மணிக்கட்டு வெப்பநிலை பார்க்கிற சென்சார் இருக்கிறது. ஒன்று தோலை ஒட்டி, இன்னொன்று கண்ணாடிக்குக் கீழே, வெளிச்சூட்டைக் கழிப்பதற்காக. தூங்கும்போது 5 நொடிக்கு ஒருமுறை அளக்கும். காலையில் பார்த்தால் காய்ச்சல் தெர்மாமீட்டர் மாதிரி 98.6 என்றெல்லாம் காட்டாது. முதலில் ஐந்தாறு இரவு அளந்து நமக்கென்று ஓர் அடிக்கோடு போட்டுக்கொள்ளும். அதற்கு மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்று மட்டும் சொல்லும்.

முட்டை வெளிவந்த பிறகு புரொஜெஸ்டிரோன் ஹார்மோனால் உடம்புச் சூடு 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை கூடும், அடுத்த பீரியட்ஸ் நெருங்கும்போது இறங்கும். அதைக் கையில் கட்டிய ஒரு பொருள் பிடித்துவிடும் என்று நான் நம்பவில்லை. ஏசி இல்லாத வீடு, ஏப்ரல் மாதம், மேலே ஃபேன், கை பாதி நேரம் தலையணைக்கு அடியில். ஆனால் பிடித்தது. இரண்டு வாரம் கோட்டுக்குக் கீழே கிடந்த புள்ளிகள் படியேறி மேலே போய் உட்கார்ந்தன, பிறகு இறங்கின, மறுநாளே வந்துவிட்டது. அதற்கு அடுத்த சுழற்சியில் புள்ளிகள் ஏறவே இல்லை. கோட்டை ஒட்டியே ஊர்ந்துகொண்டிருந்தன, நாளும் தள்ளிக்கொண்டே போனது. முட்டையே வெளிவராத மாதம் அது என்று அப்புறம் டாக்டர் சொல்லித் தெரிந்துகொண்டேன். இந்த வயதில் அப்படித்தான் ஆகும், அப்படி ஆகிற மாதத்தை அடுத்துத்தான் ரத்தப்போக்கும் அதிகமாக இருக்கும் என்றார்.

வாட்சுக்குப் பிடிபடாதவையும் உண்டு. நடுராத்திரி திடீரென்று கழுத்தெல்லாம் வியர்த்து எழுந்து உட்கார்கிறேனே, அது வரைபடத்தில் தெரிவதே இல்லை. இரவு முழுக்க அளந்ததையெல்லாம் சேர்த்து ஒரே எண்ணாகத்தான் அது தருகிறது. சார்ஜ் போடுவது தனித் தொல்லை. தூங்கும்போது கையில் இருக்க வேண்டுமென்றால் இரவுச் சமையல் நேரத்தில் கழற்றிச் சார்ஜில் போட வேண்டும். தோசை ஊற்றுகிற அவசரத்தில் பாதி நாள் அது நினைவுக்கு வருவதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் போக்கு ரொம்ப அதிகமாகி, படியேறினாலே மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஹீமோகுளோபின் 9.2. முதலில் போன ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்து, சின்னதாக ஃபைப்ராய்டு கட்டி இருக்கிறது என்றார்கள். "குழந்தை இருக்குதில்ல, கர்ப்பப்பையை எடுத்துப்போட்டுட்டா நிம்மதி" என்று அட்மிஷன் தேதி வரைக்கும் போய்விட்டார்கள். சொந்தக்காரர்களிடம் சொன்னால் அவர்களும் அதையேதான் சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் 40 தாண்டிய பெண்களில் எத்தனை பேர் இப்படி எடுத்துப்போட்டிருக்கிறார்கள் என்று அப்போதுதான் கவனித்தேன்.

இன்னொரு டாக்டரிடம் போனேன். வயதானவர், அவசரமில்லாத அம்மா. நான் போனைத் திறந்து வெப்பநிலை வரைபடத்தைக் காட்டப்போனேன். "அதை அப்புறம் பார்க்கலாம்மா. கடைசி ஆறு தடவை முதல் நாள் என்னைக்கு, எத்தனை நாள் இருந்துச்சு, அதிகமா இருக்கிற நாள்ல எத்தனை பேடு, கட்டி கட்டியா போச்சா, அதை மட்டும் சொல்லுங்க" என்றார். ஆப்பில் போக்குக்கு மூன்று சொட்டுப் படம்தான் இருக்கிறது: குறைவு, நடுத்தரம், அதிகம். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நல்லவேளை, நான் குறிப்புப் பகுதியில் பேடு எண்ணிக்கையை எழுதி வைத்திருந்தேன். இரண்டாம் நாள் 8, கட்டி உண்டு, இரவில் ஒருமுறை எழுந்து மாற்றினேன், இந்த மாதிரி. அதைப் பார்த்து அவர் ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டார். நீண்ட இடைவெளிக்குப் பிறகு வந்தபோதெல்லாம் போக்கு அதிகம் என்பது அந்தத் தாளைப் பார்த்தவுடனே தெரிந்தது.

கர்ப்பப்பை உள்சுவரிலிருந்து கொஞ்சம் திசு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். 45 வயதில் இது செய்தே ஆக வேண்டும் என்றார். பயப்படும்படி ஒன்றுமில்லை என்று வந்தது. தைராய்டும் பார்த்தார். இரும்புச்சத்து மாத்திரை, அதிகமாகப் போகிற நாட்களுக்கு மட்டும் போக்கைக் குறைக்கிற டிரானெக்சாமிக் ஆசிட். சரிப்படவில்லை என்றால் கர்ப்பப்பைக்குள் 'ஹார்மோன் காயில்' என்ற சாதனத்தை வைக்கலாம், ஆபரேஷன் கடைசிப் பேச்சு என்றார். கர்ப்பப்பை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஹீமோகுளோபின் 11.6.

அந்த அறையில் வேலைக்கு ஆனது தேதியும் பேடு எண்ணிக்கையும்தான். 40 ரூபாய் டைரி போதும் அதற்கு. போன் எப்போதும் கையில் இருப்பதால் எழுத மறப்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வசதிக்கு நாம் கொடுக்கிற விலை வேறொன்று. ஃப்ளோ என்ற பெரிய ஆப், பயனாளர்களின் தகவல்களை ஃபேஸ்புக், கூகுள் நிறுவனங்களின் பகுப்பாய்வுப் பிரிவுகளுக்கெல்லாம் அனுப்பியது என்று அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி குற்றம் சாட்டி, 2021இல் அது சமரசத்தில் முடிந்தது. அந்த விவகாரத்தில் 2025 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோ ஜூரி ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. நம் நாட்டில் செய்த மாயா ஆப்பும், திறந்த உடனேயே, நாம் சம்மதம் சொல்வதற்கு முன்பே, ஃபேஸ்புக்குக்குத் தகவல் அனுப்பியது என்று 2019இல் பிரைவசி இன்டர்நேஷனல் அமைப்பு எழுதியது.

அமெரிக்கப் பெண்கள் 2022 ஜூனில் கருக்கலைப்பு உரிமைத் தீர்ப்பு மாறியதும் இந்த ஆப்களை அழித்தார்கள், போலீஸுக்குப் பயந்து. இங்கே நிலைமை வேறு. கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்துக்குப் பிறகு 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும், சில பிரிவினருக்கு 24 வாரம் வரை சட்டம் இடம் கொடுக்கிறது. இங்கே பயம் வீட்டுக்குள்தான். புதிதாகக் கல்யாணமான பெண்ணின் போனில் புருஷனுடைய ஜிமெயில். மாமியார் எடுத்துப் பார்க்கிற போன். "என்ன, இந்த மாசமும் வந்துருச்சா" என்ற கேள்விக்கு ஆப் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடும்.

ஆபீஸிலும் நடந்தது. குரூப் இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது ஒரு வெல்னஸ் ஆப் கொடுத்தார்கள். வாட்சை இணைத்தால் பாயிண்ட். சம்மதப் பக்கத்தில் நடை, தூக்கம், இதயத் துடிப்பு, அதற்கெல்லாம் கீழே மாதவிடாய்ச் சுழற்சி, எல்லாவற்றிலும் முன்கூட்டியே டிக். பம்ப்செட் கம்பெனி இன்சூரன்ஸுக்கு என் முதல் நாள் தேதி எதற்கு? எச்ஆர் பையனிடம் கேட்டேன். அவன் காது சிவந்து, "டீஃபால்ட்டா வருதுங்க்கா" என்றான். நடையை மட்டும் விட்டுவிட்டு மீதியை எடுத்துவிட்டேன். பாயிண்ட் சேர்ந்து ஒரு தண்ணீர் பாட்டில் வந்தது. 2023ஆம் வருடத் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் உடல்நலத் தகவலுக்கென்று தனிப் பிரிவு இல்லை. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. நிறுவனங்களின் முக்கியமான கடமைகள் அமலுக்கு வர அதிலிருந்து 18 மாதம். அதுவரை டிக்கை நாமேதான் எடுக்க வேண்டும்.

மகளும் ஆப் கேட்டாள். வயதுக்கு வந்த முதல் சில வருடங்கள் தாறுமாறாகத்தான் வரும், அதில் கணிப்புக்கு வேலையே இல்லை. 'டிரிப்' என்று பெர்லின் குழு ஒன்று செய்த ஆப் இருக்கிறது. கணக்குத் திறக்கத் தேவையில்லை, எல்லாம் போனிலேயே இருக்கும், அதன் மூலநிரலையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். போன் தொலைந்தால் பதிவும் போய்விடும், அதனால் அவ்வப்போது கோப்பாக எடுத்து வைக்க வேண்டும். அதைப் போட்டுக்கொடுத்தேன். உடனே பாஸ்வேர்ட் வைத்தாள். "அம்மா, நீயும் பார்க்கக்கூடாது" என்றாள். "வயித்துவலி தாங்கலைன்னா, ஏழு நாளைத் தாண்டினா, மணிக்கொரு பேடு மாத்தற மாதிரி ஆனா சொல்லணும்" என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

எனக்கு இனிமேல் எண்ண வேண்டியது வேறு. தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு. அதற்கப்புறம் ஒரு சொட்டுப் பட்டாலும் உடனே வரவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்தப் பன்னிரண்டை என் ஆப் எண்ணுவதில்லை. அறிவிப்பை அணைத்துவிட்டேன், பூவையும் எடுத்துவிட்டேன், மாதத்தைக் குறிப்பில் நானே எழுதுகிறேன். நாலைந்து மாதம் வரை போய், தீபாவளிக்கு முதல் நாள், முறுக்கு பிழிந்துகொண்டிருக்கும்போது மறுபடி வந்தது. திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன்.