ஒரே மூடி, மூன்று உயரம்

எங்கள் வீட்டுப் பின்கட்டில் இப்போது ஒரே அளவு மூடிதான் இருக்கிறது. சிவப்பு நிறம், எட்டரை சென்டிமீட்டர் வாய். மூன்று உயரத்தில் இருக்கும் பாலாங்குகளுக்கும், அதாவது பிளாஸ்டிக் ஜாடிகளுக்கும், அது பொருந்தும். இந்த இடத்துக்கு வந்து சேர எனக்கு மூன்று தீபாவளி ஆனது.

நாங்கள் இருப்பது மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயாவில். 2007-இல்தான் இந்தப் பெயர் வந்தது. எங்கள் வயதுக்காரர்களுக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். 1917-இல் இந்த நாட்டிலேயே முதன்முதலாக வியாபாரத்துக்கென்று செம்பனை (எண்ணெய்ப் பனை) நட்ட தென்னமரம் என்ற தோட்டம் இந்தப் பக்கம்தான் இருக்கிறது. அப்பா பால்மரத் தோட்டத்தில், ரப்பர் ஆலையில் வேலை செய்தவர். அம்மா லயத்து வீட்டில் இருந்த காலத்திலிருந்தே கறித்தூளும் முறுக்கும் அச்சு முறுக்கும் செய்து விற்கிறார். வேலையை விட்டுவிட்டு நானும் அம்மாவோடு சேர்ந்தபோது, கணக்கும் பொட்டலமும் என் பொறுப்பு என்று ஆனது.

அம்மா காலத்தில் பொட்டலம் ஒரு பிரச்சினையே இல்லை. வாங்குகிறவர் மைலோ டின்னோ பிஸ்கட் டின்னோ கொண்டுவருவார், அம்மா காத்திக் கணக்கில் நிறுத்துப் போடுவார். ஒரு காத்தி என்றால் 600 கிராமுக்குக் கொஞ்சம் மேலே. எடை அளவைச் சட்டம் 1972-இல் வந்து கிலோ பழகி எத்தனையோ வருடம் ஆகியும், வயதானவர்கள் இன்றைக்கும் "அரைக் காத்தி கொடு" என்றுதான் கேட்கிறார்கள். கடைகளுக்குக் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் சிக்கல். ஒருவருக்கு 100 கிராம் வேண்டும், ஒருவருக்கு 250, கல்யாண வீட்டுக்காரருக்கு ஐந்து கிலோ. நானும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பாலாங் வாங்கினேன். ஆறு அளவு பாலாங், ஆறு அளவு மூடி, நான்கு அளவு அட்டைப்பெட்டி.

இரண்டாவது தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது ஒரு அளவு மூடி தீர்ந்துபோனது. எண்பது பாலாங்குகளில் முறுக்கைப் போட்டுவிட்டு மூடி இல்லாமல் நிற்கிறேன். பக்கத்தில் வேறு அளவு மூடி நூற்றுக்கணக்கில் கிடக்கிறது, ஒன்றும் சேரவில்லை. வெளியே மழை. நம் ஊர் ஈரக் காற்றில் திறந்து வைத்த முறுக்கு எவ்வளவு நேரம் தாங்கும்? மறுநாள் காலையில் எல்லாம் நமுத்துவிட்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஒரு முறுக்கை எடுத்து உடைத்துப் பார்த்தார், சத்தமே வரவில்லை. எண்பதையும் கொட்டினோம்.

அதற்குப் பிறகு உட்கார்ந்து யோசித்தேன். அதுவரை நான் செய்ததெல்லாம், எத்தனை கிராம் வேண்டும் என்று கேட்டுவிட்டு அதற்கு ஏற்ற பாலாங்கைத் தேடியதுதான். அதை அப்படியே தலைகீழாக்கினேன். முதலில் மூடி, அடுத்து பெட்டி, கடைசியில்தான் கிராம். கிள்ளானில் பிளாஸ்டிக் சாமான் மொத்தமாக விற்கும் கடை ஒன்றில், ஒரே வாய், ஒரே சுற்றளவு, உயரம் மட்டும் வேறு வேறாக இருக்கும் பெட் (PET) பிளாஸ்டிக் பாலாங்குகள் கிடைத்தன. விட்டம் ஒன்பதரை சென்டிமீட்டர்.

சதுரப் பாலாங்கையும் பார்க்காமல் இல்லை. உருண்டைப் பாலாங்குகளை வரிசையாக அடுக்கினால் பெட்டியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் காற்றுதான் போகும், கணக்குப்படி 21 விழுக்காடு. ஆனால் சதுரத்தின் மூலையில் தூள் ஒட்டிக்கொள்ளும், கரண்டி போகாது. அச்சு முறுக்கும் உருண்டைதானே, அதற்குச் சதுரம் எதற்கு? உருண்டையே இருக்கட்டும் என்று விட்டேன்.

உயரத்தை முடிவு செய்வதில்தான் நான் ஏமாந்தது. ஒரு காத்தி, அரைக் காத்தி, கால் காத்தி. அதாவது 600, 300, 150 கிராம். உயரம் 24, 12, 6 சென்டிமீட்டர். தாளில் அவ்வளவு அழகாக இருந்தது. மாதிரிக்கு வாங்கிவந்து தூளைப் போட்டால், ஆறு சென்டிமீட்டர் பாலாங்கில் 150 கிராம் மூடியின் அடிவரை வந்து முட்டுகிறது. கரண்டி விட இடமில்லை. ஏன் என்று அளந்து பார்த்தேன். கழுத்து, மூடி, அடிப்பாகத்தின் குழிவு எல்லாம் சேர்ந்து ஒன்றரை சென்டிமீட்டரைச் சாப்பிடுகின்றன. பெரிய பாலாங்கானாலும் சின்னதானாலும் அதே ஒன்றரைதான். 24-இல் ஒன்றரை போனால் தெரியாது. ஆறில் ஒன்றரை போனால் கால் பங்கு போயிற்று. பாதி உயரப் பாலாங் பாதிக் கொள்ளளவு பிடிக்காது என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

தூள் இன்னொரு விதத்திலும் படுத்தியது. ஒரு லிட்டர் பாத்திரத்தில் அம்மாவின் கறித்தூளை மெதுவாகக் கொட்டினால் 430 கிராம் பிடிக்கிறது. மேசையில் தட்டித் தட்டி நிரப்பினால் 500 கிராம் போகிறது. அரைத்த புதுத் தூளுக்குள் அவ்வளவு காற்று. இங்கே பாலாங் நிறைய இருந்த தூள், வேனில் போய்ச் சேருவதற்குள் இரண்டு விரல் இறங்கிவிடும். ஒரு மளிகைக் கடைக்காரர், "என்ன தங்கச்சி, குறைச்சுப் போட்டிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டார். அவர் தராசிலேயே வைத்துக் காட்டினேன், எடை சரியாக இருந்தது. இருந்தாலும் அந்தக் கேள்வி உறுத்தியது. வாங்குகிறவர் கண்ணால்தானே பார்க்கிறார்? இப்போது ஒவ்வொரு பாலாங்கையும் பத்துத் தட்டு தட்டிவிட்டுத்தான் மூடுகிறோம்.

முறுக்கு அப்படியே எதிர்ப்பக்கம். அதே லிட்டர் பாத்திரத்தில் 170 கிராம்தான் நிற்கிறது. அதனால் உயரமான பாலாங்கில் 250 கிராம் முறுக்கு. அச்சு முறுக்கை நிறுப்பதே இல்லை, எண்ணித்தான் போடுகிறோம்.

சரி, அப்பா கதைக்கு வருகிறேன். ஆறு சென்டிமீட்டர் பாலாங் தோற்றுப்போன அன்று இரவு, அட்டையை வெட்டி மாதிரிப் பெட்டி செய்துகொண்டிருந்தேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவர், "எங்க ரப்பர் கட்டி முப்பத்து மூணேகால் கிலோவுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். ஏன் தெரியுமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. முந்தைய காலத்தில் ரப்பர் ஷீட்டுகளை அழுத்தி 111 கிலோ மூட்டையாகக் கட்டுவார்களாம். 1965-இல் எஸ்.எம்.ஆர். என்ற மலேசிய ரப்பர் தரம் வந்த பிறகு, கட்டி ஒன்று 33.33 கிலோ. முப்பது கட்டி சேர்ந்தால் ஒரு டன். பேலட்டில், அதாவது சரக்கு அடுக்கும் பலகையில், 36 அடுக்கினால் 1.2 டன். "கணக்கு எழுதுற கிராணி பென்சிலே எடுக்க வேணாம். எண்ணிப் பாத்தாப் போதும். ஒரு ஆளு தூக்கவும் முடியும்" என்றார். அந்தக் கட்டியைச் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்க வேண்டியதில்லையாம், டயர் தொழிற்சாலையில் ரப்பரோடு சேர்ந்து உருகிப் போய்விடும். அத்தனை வருடம் அவர் வேலையைப் பற்றி நான் ஒரு தடவைகூட இப்படிக் கேட்டதில்லை.

எண்ணிப் பார்த்தால் போதும் என்ற வார்த்தை மனதில் தங்கிவிட்டது. மறுநாள் ஆறு சென்டிமீட்டரைத் தூக்கிவிட்டு எட்டை எடுத்தேன். அதில் 200 கிராம் தட்டிப் போட்டால் மேலே கரண்டிக்கு இடம் விட்டுச் சரியாக நிற்கிறது. இப்போது பெட்டியைப் பாருங்கள். வெளி அளவு 40-க்கு 30 சென்டிமீட்டர். உலகம் முழுக்கப் பொட்டலத் துறையில் 60-க்கு 40 என்று ஒரு அடிப்படை அளவு வைத்திருக்கிறார்கள், எங்களுடையது அதில் சரிபாதி. 120-க்கு 100 பேலட்டில் ஒரு அடுக்குக்குப் பத்துப் பெட்டி இடைவெளி இல்லாமல் உட்காரும். பெட்டிக்குள் ஒரு தட்டுக்கு நான்குக்கு மூன்று, பன்னிரண்டு பாலாங். உயரமானது என்றால் ஒரு தட்டு, நடுவளவு இரண்டு தட்டு, சின்னது மூன்று தட்டு, நடுவில் ஒரு அட்டை.

பன்னிரண்டு 600 கிராம், 7.2 கிலோ. இருபத்து நான்கு 300 கிராம், அதுவும் 7.2 கிலோ. முப்பத்தாறு 200 கிராம், மறுபடியும் 7.2 கிலோ. எந்த அளவு பாலாங் போனாலும் பெட்டிக்குள் இருக்கும் தூளின் எடை ஒன்றே. அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் தாளை வாங்கி, ஒவ்வொரு பெருக்கலையும் விரலால் தொட்டுச் சரிபார்த்தார்.

ஒட்டுச்சீட்டு விஷயம் தானாகவே அமைந்தது. ஒன்பதரை விட்டத்துக்குச் சுற்றளவு 29.8 சென்டிமீட்டர். ஏ4 தாளின் நீளம் 29.7. ஒரு தாளை நீளவாக்கில் ஐந்து சென்டிமீட்டர் பட்டையாக வெட்டினால் நான்கு சீட்டு. ஒரு சுற்று சுற்றினால் இரண்டு முனையும் கிட்டத்தட்டத் தொட்டுக்கொள்ளும். சின்னப் பாலாங்குக்கும் அது பொருந்துவதால் எல்லாவற்றுக்கும் ஒரே சீட்டு, நிகர எடை மட்டும் மாறும். 1985 உணவு விதிமுறைப்படி மலாயில் இருக்க வேண்டியதை அச்சடித்து, மேலே தமிழில் அம்மா சொன்ன பெயரைப் போட்டோம்.

இதிலும் குறை இல்லாமல் இல்லை. உயரமான பாலாங்கில் தூள் இறங்கியதும் கால் பங்கு காலியாகத் தெரிகிறது. இன்னொன்று, 600 கிராம் தூளைத் தினம் திறந்து மூடினால் பாதி தீருவதற்குள் மணம் போய்விடும். இரண்டுக்கும் சேர்த்து ஒரு வழி செய்தோம். உள்ளே 200 கிராம் உறை மூன்று, ஒவ்வொன்றும் சூட்டில் ஒட்டியது. உறைகள் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும்போது அந்தக் காலி இடம் தேவைப்படுகிறது. ஒன்றைப் பிரித்துப் பாலாங்கில் கொட்டிக்கொள்ளலாம், மற்ற இரண்டும் அப்படியே இருக்கும். ஐந்து கிலோ கேட்கும் கல்யாண வீட்டுக்கும் இதே உறைதான், இருபத்தைந்து எண்ணிக் கொடுத்துவிடுகிறோம்.

100 கிராம் கேட்கிறவர்களை விட்டுவிட எனக்கு மனமில்லை. தனியாக இருக்கும் பாட்டிக்கு 200 கிராம் எதற்கு? கடையில் ஒரு கிலோ சமையல் எண்ணெயை இரண்டரை வெள்ளி (ரிங்கிட்) மானிய விலைக்குப் பையில் வாங்கி, வீட்டுக்குப் போய்ப் பழைய போத்தலில் ஊற்றிக்கொள்கிறவர்கள்தான் அவர்கள். பாலாங் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது, உள்ளே போடுவதற்குத்தான் கேட்கிறார்கள். அதனால் எங்கள் பாலாங்கைத் திருப்பிக் கொண்டுவந்தால் எந்த உயரமானாலும் கழுவிக் காயவைத்து, கேட்ட அளவு நிறுத்துப் போட்டுத் தருகிறோம், பாலாங் காசு கழித்து. மூடி உடைந்திருந்தால் வேறு மூடி சும்மா.

அதிரசம்தான் இன்னும் நிற்கிறது. அம்மாவின் அதிரசம் பத்து சென்டிமீட்டர், எட்டரை வாய்க்குள் போகாது. கொஞ்சம் சின்னதாகத் தட்டலாமே என்று கேட்டேன். "நடு மெத்துனு இருக்கணும்னா அந்த அகலம் வேணும்டி" என்றார் அம்மா. சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், அவர் சொல்வது சரி. அதற்கு மட்டும் தட்டையான ஒரு டப்பா தேடிக்கொண்டிருக்கிறேன். நீளமும் அகலமும் எப்படி இருந்தாலும், நாற்பதுக்கு முப்பதுக்குள் மிச்சமில்லாமல் அடங்க வேண்டும்.